ஒரே நாள், ஒரே கதவு, இரண்டு 235 பவுண்டு

லண்டனில் கடன் ஆலோசகராக வேலை செய்கிறேன். கொஞ்ச நாளைக்கு முன் யாழ்ப்பாணத்து அக்கா ஒருவர் பை நிறையக் கடிதங்களோடு வந்தார். இரண்டு வருடக் கவுன்சில் டாக்ஸ் (உள்ளாட்சி மன்றமான கவுன்சிலுக்குக் கட்டும் வீட்டு வரி) பாக்கி, 640 பவுண்டும் 710 பவுண்டும். அதற்கு மேல், பாக்கியை வசூலிக்க அனுப்பப்படும் பெய்லிஃப்பின் கட்டணம் 620. "தம்பி, வரியில அரைவாசிக்குக் கிட்ட வந்திட்டுது. இதையும் கட்டத்தான் வேணுமோ?" என்று கேட்டார்.

இங்கிலாந்தில் பெய்லிஃப் தன் இஷ்டத்துக்குக் கட்டணம் போட முடியாது. 2014ஆம் ஆண்டு விதிகள் அதைப் படிப்படியாக வகுத்தன: கோப்பு கைக்கு வந்து முதல் நோட்டீஸ் அனுப்பும் கட்டத்துக்கு 75 பவுண்டு, வீட்டுக்கு நேரில் வந்தால் 235, பொருளை எடுத்து விற்கும் கட்டத்துக்கு வந்தால் 110. அதனால்தான் முதல் நோட்டீஸ் வந்த உடனேயே பேசுங்கள் என்கிறேன். ஞாயிறும் வங்கி விடுமுறையும் போக ஏழு முழு நாள் அவகாசம் உண்டு. அதற்குள் தவணை பேசி முடித்தால் 235 வராது.

அக்கா அந்த அவகாசத்தைத் தவறவிட்டிருந்தார். சரி, பில்லைப் பிரித்துப் பார்த்தோம். 75 இரண்டு தடவை, 235 இரண்டு தடவை. வருடத்துக்கு ஒன்றாகப் பாக்கிக்கு இரண்டு நீதிமன்ற ஆணைகள் என்பதால் 75 இரண்டு முறை வரலாம். ஆனால் ஆள் வந்தது ஒரே நாள். கதவில் சொருகிய இரண்டு தாளிலும் அதே தேதி, அதே நேரம். ஒன்றாக வசூலிக்கக்கூடிய ஆணைகளுக்கு 235 ஒரு முறைதான்.

"கட்டணம் அநியாயம்" என்று எழுதினால் பதில் வராது, வந்தாலும் அச்சடித்த பதில்தான். எந்த ஆணைக்கு, எந்தத் தேதியில், எந்தக் கட்டத்துக்கு எவ்வளவு என்று கணக்குக் கேட்டு, இரண்டு தாளின் படத்தையும் சேர்த்து நிறுவனத்துக்கு அனுப்பினோம், ஒரு பிரதி கவுன்சிலுக்கும். பெய்லிஃப்பை அனுப்பியது கவுன்சில். பொறுப்பும் அதற்கு உண்டு. அங்கும் சரிவராவிட்டால், கவுன்சில் மீதான புகார்களை விசாரிக்கும் உள்ளாட்சி ஒம்புட்ஸ்மனிடம் போகலாம்.

ஆங்கிலம் பேசவோ வாசிக்கவோ சிரமப்படுபவரா, நோயாளியா? அதையும் முதல் கடிதத்திலேயே எழுதுங்கள். பலவீன நிலையில் உள்ளவருக்கு ஆலோசனை பெறப் போதிய வாய்ப்புத் தராமல் பொருளைத் தூக்கப் போனால், அந்த 235ஐயே கேட்க முடியாது. நம்மவர்கள் வெட்கப்பட்டு இதைச் சொல்வதே இல்லை.

வரியைக் கவுன்சிலுக்கு நேரே கட்டிவிட்டால் கட்டணம் போய்விடும் என்று வாட்ஸ்அப்பில் சுற்றுவதை நம்பாதீர்கள். முறையாக ஏறிய கட்டணம் அப்படியே நிற்கும்.

அக்காவுக்குப் புதுக் கணக்கு வந்தது. மன்னிப்பு என்று ஒரு சொல்லும் இல்லை. 620 இருந்த இடத்தில் 385 இருந்தது.