ஆற்றங்கரையில் குடும்ப நடை: தூரத்தைப் பார்க்காமல் வெயிலையும் ஓதத்தையும் பார்த்துப் புறப்படுங்கள்

வட சென்னையில் குழந்தை நல மருத்துவராகப் பணிபுரியும் நான், பிள்ளைகளை வாரம் ஒருமுறையாவது திறந்தவெளியில் நடக்க அழைத்துச் செல்லுங்கள் என்று பெற்றோரிடம் சொல்லும்போதெல்லாம், "இந்தப் பக்கம் எங்க டாக்டர் போறது? கன்டெய்னர் லாரியும் புழுதியும்தானே இருக்கு" என்ற பதிலே பெரும்பாலும் வருகிறது. அந்தக் கவலை நியாயமானது. ஆனால் திருவொற்றியூரைத் தாண்டி வடக்கே சென்றால் கொசஸ்தலையாறு, பக்கிங்காம் கால்வாய், ஆரணியாறு, அவற்றுக்கும் அப்பால் பழவேற்காடு ஏரி என்று நீரும் சேறும் மணலுமாக விரிந்து கிடக்கும் சமதளம், கும்மிடிப்பூண்டி மின்சார ரயில் பாதைக்கு எட்டும் தொலைவிலேயே இருக்கிறது. மேடு பள்ளம் இல்லாத இந்த நிலத்தில் மூட்டு வலியுள்ள பாட்டியும் நான்கு வயதுப் பேரனும் ஒன்றாக நடக்க முடியும். மலையேற்றத்தில் அது நடக்காது.

ஐந்து முதல் பதினேழு வயது வரையுள்ளவர்கள் நாளொன்றுக்குச் சராசரியாக 60 நிமிடங்களாவது உடலுக்கு வேலை கொடுக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கிறது. இதைவிட என்னை அதிகம் கவலைகொள்ள வைப்பது கண்தான். பகல் வெளிச்சத்தில் நாள்தோறும் ஏறத்தாழ இரண்டு மணி நேரம் கழிக்கும் குழந்தைகளுக்குக் கிட்டப்பார்வை தொடங்கும் வாய்ப்பு குறைகிறது என்பதை ஆய்வுகள் தொடர்ந்து காட்டி வருகின்றன. தொடுவானம் வரை தடையின்றித் தெரியும் நீர்ப்பரப்பும் காலை வெளிச்சமும் அதற்கு ஏற்றவை. கைபேசித் திரையை விட்டுக் கண்ணைப் பிரிக்காத பிள்ளையைத் திட்டுவதை விட, ஆலாப் பறவை நீரில் பாய்ந்து மீனெடுக்கும் இடத்தில் கொண்டுபோய் நிறுத்துவது எளிது.

சமதளம் என்றவுடன் பெற்றோர் செய்யும் கணக்கு பெரும்பாலும் கிலோமீட்டர் கணக்காக இருக்கிறது. இதை மாற்றிக்கொள்ள வேண்டும் என்பதே நான் முக்கியமாகச் சொல்ல விரும்புவது. ஐந்து வயதுக் குழந்தை, நண்டு வளையைக் குனிந்து பார்ப்பதையும் கல் பொறுக்குவதையும் சேர்த்து, ஒரு மணி நேரத்தில் ஒன்றரை கிலோமீட்டர் நடந்தால் அதுவே அதிகம். அதிலும் தளர்ந்த மணலில் நடக்க, கெட்டித் தரையில் நடப்பதைப் போல ஏறக்குறைய இரு மடங்கு ஆற்றல் செலவாகிறது. அதனால்தான் தார்ச்சாலையில் துள்ளி ஓடிய பிள்ளை முகத்துவார மணலில் பத்து நிமிடத்தில் உட்கார்ந்துவிடுகிறது. அது அடம் அன்று, களைப்பு. கொண்டுபோன தண்ணீரில் பாதி தீர்ந்த இடமே திரும்பும் இடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். இலக்கைத் தொட்டே தீர வேண்டும் என்று எண்ணினால், திரும்பும் வழி முழுவதும் பிள்ளையைத் தூக்கிச் சுமக்க நேரும்.

அடுத்தது வெயில். இந்த நிலத்தில் ஆங்காங்கே நிற்கும் பனைகளும் வேலிக்காத்தான் புதர்களும் தவிர நிழலே இல்லை. வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த டிசம்பர் இறுதியிலிருந்து பிப்ரவரி வரைதான் குடும்பத்தோடு நடக்கச் சரியான பருவம். வலசைப் பறவைகள் தங்கியிருக்கும் காலமும் அதுவே. அப்போதும் ஆறரை, ஏழு மணிக்குத் தொடங்கி ஒன்பதரைக்குள் நிழலுக்கு வந்துவிட வேண்டும். சித்திரை, வைகாசியில் நண்பகலை ஒட்டிக் கடல்காற்று வந்துவிடும் என்று நம்பிப் புறப்படுபவர்கள் இருக்கிறார்கள். அது ஒரு நாள் பதினொரு மணிக்கு வரும், இன்னொரு நாள் இரண்டு மணிக்கும் வராது. குழந்தையின் முகம் சிவந்து, பேச்சு குறைந்து, "தலை வலிக்குது" என்று ஒரு சொல் வந்தாலே நடையை நிறுத்தி, நிழலில் உட்கார வைத்து, ஈரத்துணியால் துடைத்து, உப்பிட்ட மோரோ ஓ.ஆர்.எஸ். கரைசலோ சிறிது சிறிதாகக் கொடுக்க வேண்டும். வாந்தியோ தடுமாற்றமோ குழப்பமான பேச்சோ தெரிந்தால் 108-ஐ அழைப்பதில் தயக்கம் கூடாது.

ஓதத்தைப் பற்றிக் கடற்கரைக் குப்பங்களில் பிறந்தவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. உள்பகுதிகளிலிருந்து வருபவர்களுக்குத்தான் சொல்கிறேன். நம் கரையில் நாளொன்றுக்கு இருமுறை நீர் ஏறி இருமுறை வற்றுகிறது. அந்த நேரம் நாளுக்கு நாள் ஐம்பது நிமிடம் போலத் தள்ளிப்போகிறது. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாள்களில் ஏற்றமும் வற்றமும் மிகுதியாக இருக்கும். வற்றத்தில் கணுக்கால் அளவே நீர் இருந்த ஓடையை, திரும்பி வரும்போது ஒரு சிறு குழந்தை தாண்ட முடியாமல் போகலாம். ஆகவே கரையில் வலை உலர்த்துபவரிடம், "அண்ணே, தண்ணி ஏறுதா, வத்துதா?" என்று கேட்டுவிட்டு நடையைத் தொடங்குங்கள். எந்தச் செயலியை விடவும் அவர் சொல்வது அந்த இடத்துக்குப் பொருந்தும்.

முதன்முறை செல்லும் குடும்பங்களுக்கு நான் பொன்னேரியைச் சொல்வது வழக்கம். ரயிலை விட்டு இறங்கினால் ஆட்டோ கிடைக்கும். ஆரணியாற்றை ஒட்டிய திருவாயர்பாடியில் கரிகிருஷ்ணப் பெருமாள் கோயில் இருப்பதால், கரையில் சிறிது தூரம் நடந்து திரும்பும் பெரியவர்களுக்கு நிழலும் உட்கார இடமும் உண்டு. அது பழகிய பிறகு, அங்கிருந்தே பேருந்தில் பழவேற்காடு போகலாம்.

பழவேற்காடு, சிலிகாவுக்கு அடுத்தபடியாக இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி. டச்சுக்காரர்கள் 1613-இல் இங்கே கெல்திரியா கோட்டையை எழுப்பினார்கள். கோட்டை இன்று இல்லையென்றாலும் அவர்களது கல்லறைத் தோட்டம் இருக்கிறது. அதன் வாயிலில் நிற்கும் எலும்புக்கூட்டுச் சிற்பங்களைப் பார்க்கும் பிள்ளைகள் கேட்கும் கேள்விகளுக்குப் பதில் சொல்லியே ஒரு காலைப் பொழுது போய்விடும். அங்கிருந்து ஏரிக்கரைக்கு வந்தால் இறால் தரம் பிரிக்கும் பெண்கள், இடுப்பளவு நீரில் நின்று வலை கட்டுபவர்கள், அவர்களைச் சுற்றியே திரியும் கொக்குகள், நீர்க்காகங்கள். எந்தக் குடும்பம் எந்த நாளில் எந்த இடத்தில் வலை போடலாம் என்பதைப் பாடு என்ற முறைப்படி இவ்வூர் மீனவர்கள் தலைமுறைகளாக வகுத்து வைத்திருக்கிறார்கள். நாம் நடக்கும் கரை அவர்களது வேலையிடம் என்பதைப் பிள்ளைகளுக்கு அங்கேயே சொல்லிக்கொடுங்கள். உலரும் வலையை மிதிக்காமல் சுற்றிப்போவது முதல் பாடமாக இருக்கட்டும். பூநாரைகள் பெரும்பாலும் தொலைவில், ஆழமற்ற நீரில் வெளிறிய கோடாகத்தான் தெரியும். சூரியன் முதுகுப் பக்கம் இருக்குமாறு நின்று, ஓர் இருநோக்கியை மாற்றி மாற்றிக் கொடுத்துப் பார்க்க வைத்தால், தலையைக் கவிழ்த்து நீரை அரித்து உண்ணும் அதன் வளைந்த அலகு பிள்ளைகளின் நினைவில் நிற்கும். படகுச் சவாரி வேண்டாம். 2011 டிசம்பர் 25 அன்று இங்கே படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள். கரையிலிருந்தே காண வேண்டியது போதுமான அளவு இருக்கிறது.

எண்ணூர் முகத்துவாரத்தைப் பற்றி எழுதும்போது மனம் கனக்கிறது. அலையாத்தி மரங்களும் நண்டும் இறாலும் நிறைந்திருந்த அந்த ஓடையில் அனல்மின் நிலையச் சாம்பல் படிந்திருக்கிறது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் பரவியதில் கூழைக்கடாக்களின் இறகுகள்கூடக் கறுத்துப் போயின. பிள்ளைகள் இதையும் பார்க்க வேண்டும் என்பதே என் கருத்து, ஆனால் கெட்டித் தரையில் நின்று பார்க்கட்டும். சேற்றிலோ நீரிலோ கால் வைக்க அனுமதிக்காதீர்கள். ஆஸ்துமா உள்ள குழந்தையை வறண்ட காற்று வீசும் நாளில் அங்கே அழைத்துச் செல்லவே வேண்டாம். எங்கு சென்றாலும் அந்தப் பிள்ளையின் இன்ஹேலர், வண்டியில் இல்லாமல் கையில் இருக்கும் பையில் இருக்க வேண்டும்.

தடுப்பணைகளில் பாசி படிந்த சிமென்ட் விளிம்பில் நடப்பதும் குளிப்பதும் கூடாது. விழுந்த இடத்தில் சுழலும் நீர், நீச்சல் தெரிந்தவரையும் மேலே விடாது. வேலிக்காத்தான் முள் ரப்பர் செருப்பைத் துளைத்துக் குதிகாலில் முறிந்து நின்றுவிடும். மூடிய காலணி அவசியம். ஐந்து வயதிலும், பத்து, பதினாறு வயதுகளிலும் போட வேண்டிய டெட்டனஸ் தடுப்பூசி விட்டுப்போயிருந்தால் பயணத்துக்கு முன்பே போட்டுவிடுங்கள். பாம்பு கடித்தால் கட்டு இறுக்குவதோ கீறுவதோ வேண்டாம். கடிபட்ட காலை அசையாமல் வைத்து உடனே அரசு மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லுங்கள்.

வீடு திரும்பியதும் சோப்பால் கால்களைக் கழுவி, விரலிடுக்குகளையும் சிராய்ப்புகளையும் வெளிச்சத்தில் பாருங்கள். தேங்கிய நீரில் கலந்திருக்கும் எலி, மாட்டுச் சிறுநீரிலிருந்து சிறு காயம் வழியே எலிக்காய்ச்சல் கிருமி உடலுக்குள் போகலாம். பெரும்பாலும் ஒன்று, இரண்டு வாரம் கழித்துத்தான் அது காய்ச்சலாகத் தெரியும். அதற்குள் நடந்ததையே எல்லோரும் மறந்திருப்பார்கள். ஒருமுறை கெண்டைக்கால் வலியும் சிவந்த கண்களுமாக வந்த சிறுவனின் தாய், ஊரில் பரவும் வைரல் காய்ச்சல் என்றே நினைத்திருந்தார். தண்ணீரில் விளையாடினாயா என்று கேட்ட பிறகுதான், போன வாரத்துக்கு முந்தின வாரம் ஏரிக்கரையில் மீன் பிடித்ததாக அவன் சொன்னான். உரிய ஆன்டிபயாடிக் தொடங்க அந்த ஒரு தகவல் உதவியது. எனவே நடைக்குப் போன தேதியை நாள்காட்டியில் குறித்து வையுங்கள். அடுத்த ஒரு மாதத்துக்குள் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால், எந்த மருத்துவரிடம் சென்றாலும், அவர் கேட்காவிட்டாலும், எந்தத் தண்ணீரில் எப்போது கால் வைத்தான் என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள்.