மூன்று முறை கழுவிய கீரை

“மூணு தடவை கழுவினதுன்னு கீரை பாக்கெட்லயே போட்டிருக்கே, அப்படியே சாப்பிட என்ன பயம்?” உணவு நுண்ணுயிரியல் ஆய்வகத்தில் வேலை பார்க்கிறேன் என்று தெரிந்ததும் பலர் கேட்கும் கேள்வி. நான் 2006-இல் அமெரிக்காவில் நடந்ததைச் சொல்வேன்.

அந்த ஆகஸ்ட், செப்டம்பரில் பாக்கெட் பேபி ஸ்பினாச் (பச்சையாகவே சாப்பிடும் பிஞ்சுக் கீரை) சாப்பிட்ட சுமார் 200 பேர் 26 மாநிலங்களில் படுத்துவிட்டார்கள். 31 பேருக்குச் சிறுநீரகம் பாதித்தது, 3 பேர் இறந்தார்கள். காரணம் ஈ.கோலை ஓ157, ஈ.கோலை என்ற குடல் பாக்டீரியாவின் ஒரு கொடிய வகை. மிச்சமிருந்த பாக்கெட்டுகளில் 13-இல் அதே கிருமி அகப்பட்டது. அவற்றில் 11-இல் ஒரே தயாரிப்பு எண்: பி227ஏ (P227A). வருடத்தின் 227-ஆம் நாள், அதாவது ஆகஸ்ட் 15, முதல் ஷிஃப்ட். எண்ணைப் பிடித்துக்கொண்டே போனால் கலிபோர்னியாவின் சான் பெனிட்டோ கவுன்டியில் ஒரு பண்ணை. அங்கே மாட்டுச் சாணம், காட்டுப்பன்றி எச்சம், ஆற்றுநீர் மூன்றிலும் அதே கிருமி. எந்த வழியாகக் கீரையில் ஏறியது என்பது மட்டும் கடைசிவரை பிடிபடவில்லை.

ஒரு வயலில் இருந்தது 26 மாநிலத்துக்குப் போனது எப்படி? கழுவிப் பாக்கெட் போடும் ஆலையில் பல வயல்களின் இலை ஒன்றாகக் கலந்து ஒரே தண்ணீரில் மிதக்கும். அதில் விடும் குளோரின், முக்கியமாக, தண்ணீர் வழியே கிருமி அடுத்த இலைக்குத் தாவாமல் இருக்கத்தான். இலையின் நுண்துளையிலும் அறுத்த விளிம்பிலும் புகுந்துகொண்டதை அது எட்டாது. கழுவிய இலையை அரைத்து, ஆய்வகத்தில் கிருமி வளர்க்கும் தட்டில் பரப்பினால் மறுநாள் புள்ளி புள்ளியாகக் கிருமிக் கூட்டம் நிற்கும். (பெரும்பாலும் சாதுவானவை, பயப்பட வேண்டாம்.) ஓ157 அப்படியல்ல, நூறுக்கும் குறைவாக உள்ளே போனாலே போதும்.

சரி, வீட்டில் நான்காவது தடவை கழுவலாமா? பெரிய பலன் இல்லை. கோழி அலசிய சிங்க் என்றால் புதிதாக ஒன்று ஏறிக்கொள்ளும். என் வீட்டில் குழந்தைக்கும் பாட்டிக்கும் கீரை என்றால் வேகவைத்துக் கடைந்ததுதான். கொதி வந்தால் ஈ.கோலை தாங்காது.

சாலட் சாப்பிட்ட மூன்று நான்கு நாளில் வயிறு முறுக்கி, ரத்தமாகப் பேதி போனால் மெடிக்கலில் பேதி நிறுத்தும் மாத்திரை வாங்கிப் போடாதீர்கள். அலமாரியில் கிடக்கும் ஆன்டிபயாடிக்கும் வேண்டாம். இந்தத் தொற்றில் இரண்டுமே சிறுநீரகத்துக்கு வினையாகலாம். அன்றே மருத்துவரைப் பாருங்கள். பாக்கெட்டையும் குப்பையில் போடாமல், இன்னொரு கவரில் கட்டி ஃபிரிட்ஜில் தனியாக வையுங்கள். அந்த எண் அதில்தான் இருக்கிறது.