அக்கவுண்டபிலிட்டிக்குத் தமிழ் என்ன?

ஆப்பிரிக்க நாடுகளில் ‘பொறுப்புணர்வு மிக்க அரசு நிறுவனங்கள்’ உருவாகி வருவதாக மறுபடியும் ஒரு மொழிபெயர்ப்பு. மூலத்தில் இருப்பது அக்கவுண்டபிலிட்டி. உணர்வு மனத்துக்குள் இருப்பது. அதை எந்தத் தணிக்கையாளர் சரிபார்ப்பார்?

சொல்லின் பிறப்பில் சிக்கல் இல்லை. ‘கணக்கிடு’ என்னும் லத்தீன் வினை பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்தில் அக்கவுண்ட் ஆயிற்று. கணக்குக் காட்டக் கடமைப்பட்ட நிலை, அவ்வளவுதான்.

பெரிய வம்பு ‘பொறுப்புக்கூறல்’. இலங்கைத் தமிழில் நிலைபெற்று இங்கும் பரவிவிட்டது. யார், யாரிடம், எதைக் கூறுவது? கேட்கும் உரிமை யாருக்கு, கூறாவிட்டால் என்ன நடக்கும் என்பதற்கு இந்தச் சொல்லில் இடமே இல்லை. ஓர் அறிக்கை வாசித்தாலே கூறல் முடிந்துவிடும்.

தென்னாப்பிரிக்காவைப் பாருங்கள். அப்போதைய அதிபர் ஜேக்கப் ஜூமாவின் என்காண்ட்லா வீட்டில் பாதுகாப்பு வேலை என்ற பெயரில் நீச்சல்குளம், மாட்டுப்பட்டி, கோழிக்கூடு, திறந்தவெளி அரங்கு, விருந்தினர் கூடம் எல்லாம் அரசுப் பணத்தில் எழும்பின. நியாயமான ஒரு பங்கை அவர் திருப்பிக் கட்ட வேண்டும் என்று அரசு முறைகேடுகளை விசாரிக்கும் பொதுக் காப்பாளர் பதவியில் இருந்த துலி மடோன்செலா 2014இல் அறிக்கை தந்தார். ஜூமா அசையவில்லை. 2016 மார்ச் 31 அன்று அரசமைப்பு நீதிமன்றம் அந்த அறிக்கை அதிபரைக் கட்டுப்படுத்தும் என்றது. தொகையைக் கருவூலம் 60 நாளில் கணக்கிட வேண்டும், அதை நீதிமன்றம் ஏற்றபின் 45 நாளில் அவர் தம் கைப்பணத்திலிருந்து செலுத்த வேண்டும் என்றும் உத்தரவிட்டது. மறுநாள் ஜூமா தொலைக்காட்சியில் வருத்தம் தெரிவித்தார். ‘பொறுப்புக்கூறல்’ அதோடு நிறைவேறிவிட்டது! அக்கவுண்டபிலிட்டி நிறைவேறியது அவர் ஏறத்தாழ 78 லட்சம் ராண்ட் கட்டிய செப்டம்பரில்தான். (அதற்குக் கடன் கொடுத்த வங்கி பிறகு மோசடியில் மூழ்கியது வேறு கதை.)

‘கணக்கு என்றால் பணம் மட்டும்தானே?’ என்பார்கள். மலாவியின் 2019 அதிபர் தேர்தலில் முடிவுத்தாள்களில் வெள்ளை மை பூசி எண்களைத் திருத்தியிருந்தார்கள். 2020 பிப்ரவரியில் நீதிமன்றம் தேர்தலையே ரத்துசெய்தது. ஜூனில் நடந்த மறுதேர்தலில் லாசரஸ் சக்வேரா வென்றார். தேர்தல் ஆணையம் காட்டத் தவறியதும் கணக்குத்தான், வாக்குக் கணக்கு.

தமிழுக்கு இது புதிதும் அல்ல. வாரியத்தில் இருந்து ‘கணக்குக் காட்டாதே இருந்தாரை’ குடவோலைக்கே தகுதியற்றவராக்கி, அவர் உறவினரையும் விலக்கியது உத்திரமேரூர்க் கல்வெட்டு. கேட்பவர், காட்டுபவர், காட்டாதவருக்குத் தண்டனை, மூன்றும் அதில் உண்டு. ஆகவே ‘கணக்குக் காட்டும் கடமை’ என்றே எழுதுவேன். மூன்று சொல்லா என்று தலைப்பு எழுதுவோர் முகம் சுளிப்பார்கள். சுளிக்கட்டும். ‘உத்தரவாதம்’ ஒரு காலத்தில் ஓரளவு பொருந்தியிருக்கும். இன்று அது மிக்சி, கிரைண்டரோடு வரும் அட்டை.

தென்னாப்பிரிக்க அரசமைப்பின் முதற்பிரிவு மூன்று பண்புகளை அடுத்தடுத்து வைக்கிறது. கணக்குக் காட்டும் கடமை, மக்கள் குரலுக்குச் செவிசாய்த்தல், ஒளிவுமறைவின்மை. நம் மொழிபெயர்ப்பாளர்களிடம் கொடுத்தால் முதல் இரண்டும் ‘பொறுப்பு’, மூன்றாவது ‘வெளிப்படைத்தன்மை’ என்று திரும்பி வரும்.