அம்பது வயசுக்கு மேல மண்டையில ஏறுமா? ஏறும், இப்படித்தான்

"இந்த வயசுல இனிமே எங்கப்பா மண்டையில ஏறப் போகுது"னு இங்க சிங்கப்பூர் சமூக மன்றத்துல கீபோர்டு வாசிக்கிற இசை கிளாஸ் நோட்டீஸைப் பாத்துட்டு அப்படியே தாண்டிப் போற ஆண்ட்டி, அங்கிள் நிறைய பேரு இருக்காங்க, அவங்களுக்காகத்தான் இதை எழுதுறேன்.

2008ல ஜெர்மனியில ஒரு ஆராய்ச்சி, சராசரி வயசு 60 இருக்கிறவங்களுக்கு மூணு பந்தை மாத்தி மாத்தி தூக்கிப்போட்டு பிடிக்கிற வித்தைய மூணு மாசம் பழக்கினாங்க. இளவட்டம் அளவுக்கு கை வரல, அது நெசம். ஆனா ஸ்கேன் எடுத்துப் பாத்தா, அசையுற பொருளைக் கவனிக்கிற மூளைப் பகுதி கொஞ்சம் பெருத்திருக்கு, ஞாபகத்துக்கு முக்கியமான ஹிப்போகேம்பஸும் அப்படித்தான்! பழகறத நிறுத்தினதும் அது திரும்ப குறைஞ்சிடுச்சு, இதையும் மறக்கக்கூடாது.

உள்ளுக்குள்ள என்ன நடக்குதுன்னா, ரெண்டு நரம்பு செல் திரும்பத் திரும்ப ஒண்ணா வேலை செஞ்சா அதுங்களுக்கு நடுவுல இருக்குற இணைப்பு, அதாவது சினாப்ஸ், பலமாகுது, அடுத்த தடவை சின்ன சிக்னலுக்கே அந்த செல் எழுந்துக்கும். அடிக்கடி ஓடுற நரம்பு நாரைச் சுத்தி மயலின்னு ஒரு கொழுப்பு உறை தடிக்கும், அதனால சிக்னல் வேகமாப் போகும். இந்த ரெண்டும் அம்பதுலயும் நடக்குது, அறுபதுலயும் நடக்குது, மெதுவா நடக்குது அவ்ளோதான்.

என்னைக் கேட்டா எல்லாத்தையும் விட முக்கியம் தப்பு பண்றதுதான். கை தப்பான கட்டைய அமுக்குது, எதிர்பாத்த சத்தம் வேற, காதுல விழுந்தது வேற, அந்த வித்தியாசத்தை வச்சுத்தான் மூளை தன்னைத் திருத்திக்குது. ஏற்கனவே நல்லா வர்ற பாட்டையே வாசிச்சிட்டிருந்தா மனசுக்கு சுகமா இருக்கும், ஆனா மூளைக்கு மாத்திக்க ஒண்ணும் இருக்காது. அதனால தடுமாறுனா வெக்கப்படாதீங்க ப்ளீஸ், வேலையே அப்பதான் நடக்குது.

வயசானா வேகம் குறையும், வார்த்தை வளம் மட்டும் அறுபது தாண்டியும் கூடிக்கிட்டே போகும். நடைப்பயிற்சியும் கைகொடுக்குது. அமெரிக்காவுல 55லேர்ந்து 80 வயசு வரைக்கும் 120 பேரை வச்சு ஒரு ஆராய்ச்சி, 2011ல வெளிவந்துச்சு, ஒரு வருஷம் வாரம் மூணு நாள் வேகமா நடந்தவங்களுக்கு ஹிப்போகேம்பஸ் சுமார் 2% வளர்ந்திருந்தது, வெறும் ஸ்ட்ரெச்சிங் பண்ணவங்களுக்கு சுருங்கிடுச்சு. நமக்குத்தான் புளோக்கை விட்டு இறங்கினா பூங்காக்களை இணைக்கிற நடைபாதை, பார்க் கனெக்டர் இருக்கே.

செலவுன்னு யோசிக்கிறவங்களுக்கு, 40 வயசும் அதுக்கு மேலயும் ஆன சிங்கப்பூர் குடிமக்களுக்கு 2024 மே மாசம் அரசாங்கம் ஸ்கில்ஸ்ஃபியூச்சர்ங்கிற திறன் பயிற்சித் திட்டக் கணக்குல 4,000 வெள்ளி போட்டுச்சு, அது வேலைக்கு உதவுற கோர்ஸுக்குத்தான், கீபோர்டுக்கு செல்லாது, ஆனா கம்ப்யூட்டரோ வேற தொழிலோ புதுசா கத்துக்கணும்னா தாராளமா எடுத்துப் பாருங்க.

எதைக் கத்துக்கிட்டாலும் ஞாயித்துக்கிழமை மூணு மணிநேரம் மொத்தமா உக்காராம தினமும் இருபது நிமிஷம்னு வச்சுக்குங்க, ஏன்னா பகல்ல பழகினதை மூளை ராத்திரி தூக்கத்துல மறுபடி ஓட்டிப் பாத்து பதிய வைக்குது, தினமும் பழகினா ஒவ்வொரு ராத்திரியும் அதுக்கு வேலை கிடைக்கும்.