சின்னக் காற்றாலைகள் பிடித்துவைத்திருக்கும் பெரிய காற்று

"ஆரல்வாய்மொழிப் பக்கம் இவ்வளவு காற்று அடிக்கிறதே, இன்னும் ஆயிரம் காற்றாலை வைத்தால் என்ன?" என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். வைக்கலாம்தான். ஆனால் அங்கே நல்ல இடங்களையெல்லாம் முப்பது வருடங்களுக்கு முன்பே பிடித்துவிட்டார்கள்.

தென்மேற்குப் பருவக்காற்று பாலக்காடு, செங்கோட்டை, ஆரல்வாய்மொழி கணவாய்கள் வழியாகப் பிதுங்கிக்கொண்டு கிழக்கே வருகிறது. 1990களில் வருமானவரிச் சலுகை கிடைத்ததும் நூற்பாலைக்காரர்கள் போட்டி போட்டு அங்கே காற்றாலை நிறுத்தினார்கள். அன்றைக்குக் கிடைத்தவை 225, 250 கிலோவாட் இயந்திரங்கள். கோபுரம் சுமார் 30 மீட்டர். இறக்கைகள் சுற்றும் வட்டத்தின் விட்டம் 27 மீட்டர் போல. இன்றைய இயந்திரங்களில் கோபுரம் 120 மீட்டரைத் தாண்டுகிறது, விட்டமும் 140 மீட்டரைத் தாண்டுகிறது.

உயரம் ஏன் அவ்வளவு முக்கியம்? எனக்கு மிகவும் பிடித்த இயற்பியல் இங்கேதான் வருகிறது. இயக்க ஆற்றல் வேகத்தின் இருமடிக்கு ஏற்பக் கூடும் என்று பள்ளியில் படித்திருப்போம். காற்றாலையில் அதோடு முடிவதில்லை. வேகம் இரண்டு மடங்கானால் ஒவ்வொரு கிலோ காற்றும் நான்கு மடங்கு ஆற்றலோடு வருகிறது. அதே நொடியில் இறக்கைகளைக் கடக்கும் காற்றின் அளவும் இரண்டு மடங்காகிறது. ஆக, எட்டு மடங்கு! வேகத்தின் மும்மடி. தரையை ஒட்டிய காற்றை மரமும் வீடும் மேடும் உரசி மெதுவாக்கும். 30 மீட்டரிலிருந்து 120 மீட்டருக்குப் போனால் சமவெளியில் வேகம் ஏறத்தாழ 22 சதவீதம் கூடும். மும்மடிக் கணக்கில் அது 80 சதவீத ஆற்றலாகிவிடுகிறது. அத்தனையும் மின்சாரமாகாது என்றாலும், இடத்தை மாற்றாமலே கிடைக்கும் லாபம் இது.

சரி, பழையதைக் கழற்றிவிட்டுப் புதியதை நிறுத்த வேண்டியதுதானே? அங்கே இதே மும்மடி எதிராகத் திரும்புகிறது. இறக்கைகளைத் தாண்டி வரும் காற்று வேகம் குறைந்து கலங்கிப்போயிருக்கும். பின்னால் நிற்கும் இயந்திரத்துக்கு வேகம் பத்து சதவீதம் குறைந்தால் ஆற்றல் 27 சதவீதம் போச்சு. அதனால் ஒரு காற்றாலைக்கும் அடுத்ததற்கும் நடுவே விட்டத்தைப் போல ஐந்து முதல் ஏழு மடங்கு இடைவெளி விடுவார்கள். புதிய இயந்திரத்துக்கு 700 மீட்டராவது வேண்டும். அந்த 700 மீட்டரில் பழைய சின்ன இயந்திரங்கள் ஐந்து நிற்கும். ஐந்தும் ஐந்து முதலாளிகள் பெயரில், தனித்தனிப் பட்டாவில், தனித்தனி மின் ஒப்பந்தத்தில் இருக்கும். நான்கு பேர் சம்மதித்து ஒருவர் மறுத்தால், அவருடைய காற்றாலை பெரியதன் பின்னால் மாட்டிக்கொள்ளும். அவர் வழக்குப் போட்டால் அதைத் தவறென்று சொல்ல மாட்டேன்.

மின்தடம் போதாதது, நள்ளிரவில் தேவை குறைந்ததும் காற்றாலையை நிறுத்தச் சொல்வது எல்லாமும் தடைகள்தான். ஆனால் பழையதைக் கழற்றிப் புதியதை நிறுத்துவதற்கான ரீபவரிங் கொள்கையை மத்திய அரசு 2016இல் கொண்டுவந்து 2023இல் திருத்தியது. தமிழக அரசும் 2024இல் ஒன்று வெளியிட்டது. அப்படியும் ஆரல்வாய்மொழியை ஒட்டிய முப்பந்தலில் சின்னக் காற்றாலைகள் வரிசை வரிசையாக நிற்கின்றன என்றால், எனக்கு முதல் தடையாகத் தெரிவது இந்த இடச்சிக்கல்தான்.

பள்ளிக்கரணையில் இருக்கும் தேசிய காற்று ஆற்றல் நிறுவனத்துக்குக் கயத்தாறில் ஆய்வு நிலையம் உண்டு. பழைய காற்றாலைக் கூட்டங்களுக்குள் காற்று எங்கே எவ்வளவு கலங்குகிறது என்று ஊர் ஊராக அளக்க அவர்களுக்குத் தாராளமாகப் பணம் கொடுக்க வேண்டும். யார் இயந்திரத்தால் யாருக்கு எத்தனை யூனிட் நஷ்டம் என்ற கணக்கு கையில் இருந்தால்தான் ஐந்து முதலாளிகளையும் உட்காரவைத்துப் பங்கு பேச முடியும்.