இடுப்பு வலி என்று கையை எங்கே வைக்கிறீர்கள்?

"டாக்டர், இடுப்பு வலி" என்று வருகிறவர்களில் பலருடைய கை பெல்ட் கட்டும் இடத்துக்குப் பின்புறம்தான் போகும். அது முதுகெலும்பின் அடிப்பகுதி. இடுப்பு மூட்டு அங்கே இல்லை. குடம் வைக்கும் இடமும் இடுப்பு, சேலை செருகும் இடமும் இடுப்பு, குழந்தையைத் தூக்கி உட்கார வைக்கும் இடமும் இடுப்பு. ஒரே சொல் இத்தனை இடங்களைப் பிடித்துக்கொண்டதில் வைத்தியமும் தடம் மாறிப்போகிறது. மூட்டு தேய்ந்தவர் வருடக்கணக்கில் முதுகுக்கு ஸ்கேன் எடுத்து பெல்ட் போட்டுக்கொண்டிருப்பார். முதுகில் டிஸ்க் விலகியவர், மூட்டை மாற்றிவிடுவார்களோ என்று பயந்துகொண்டிருப்பார்.

மூட்டு இருப்பது தொடையிடுக்கில். நாற்காலியில் உட்காரும்போது தொடை மடங்குகிறதே, அந்த மடிப்புக்கு நடுவில், ஆழத்தில். தொடை எலும்பின் உருண்டைத் தலை இடுப்பெலும்பின் கிண்ணத்துக்குள் சுழலும் இடம் அது. அங்கே கெட்டால் தொடையிடுக்கிலும் தொடையின் முன்பக்கத்திலும் வலிக்கும். வலியைக் காட்டச் சொன்னால் ஒரு விரலால் காட்ட மாட்டார்கள். கட்டைவிரல் பின்னால், மற்ற விரல்கள் முன்னால் தொடையிடுக்கில் என்று பக்கவாட்டில் கவ்விப் பிடித்துக் காட்டுவார்கள். அந்தப் பிடியைப் பார்த்ததுமே எலும்பு மருத்துவருக்குப் பாதி விளங்கிவிடும்.

ஏமாற்றுகிற இன்னொரு இடம் முழங்கால். இடுப்பு மூட்டுக்குப் போகும் நரம்புகளின் கிளைகளே முழங்காலுக்கும் போவதால், கெட்டது மேலே இருக்க, வலி கீழே தெரியலாம். முழங்கால் எக்ஸ்ரே நன்றாக இருக்கிறது, ஆனால் நடந்தால் முழங்கால் வலிக்கிறது என்றால் இடுப்பு மூட்டைப் பார்க்காமல் விடக்கூடாது. பத்து, பன்னிரண்டு வயதுப் பிள்ளை முழங்கால் வலியென்று நொண்டினாலும் இதே விதிதான். அங்கே மூட்டு மாற்றும் பேச்சே இல்லை, ஆனால் தொடை எலும்பின் தலைக்கு அடியில் உள்ள, எலும்பு வளரும் இடமான வளர்ச்சித் தட்டு நழுவியிருந்தால் அது அவசரம்.

பின்பக்கம் தொடங்கி முழங்காலைத் தாண்டிப் பாதம் வரை மின்சாரம் பாய்ந்த மாதிரி இறங்கி, கால் மரத்தும் போனால் சந்தேகப்பட வேண்டியது முதுகு நரம்பை. ஒருக்களித்துப் படுத்தால் மட்டும் பக்கவாட்டு எலும்பு மேட்டில் வலிக்கிறது என்றால் அநேகமாக அது வெளியே உள்ள தசைநாண் சமாச்சாரம். அதற்கு யாரும் மூட்டை மாற்ற மாட்டார்கள்.

வயதானவர்களுக்கு முதுகும் மூட்டும் சேர்ந்தே தேய்ந்திருப்பது சகஜம். எது குற்றவாளி என்று தெரியாதபோது, அல்ட்ராசவுண்ட் பார்த்து மூட்டுக்குள் மரத்துப்போகும் ஊசி போடுவார்கள். சில மணி நேரம் வலி காணாமல் போனால் குற்றவாளி மூட்டுதான். அந்த ஊசியில் ஸ்டீராய்டும் கலந்திருந்தால், அடுத்த மூன்று மாதத்துக்கு மாற்று அறுவை செய்யாமல் தள்ளிவைப்பார்கள், கிருமித்தொற்று அபாயம் கூடும் என்பதால்.

மூட்டு கெடும்போது முதலில் போவது சுழற்சி, அதிலும் தொடை உள்பக்கமாகத் திரும்பும் அசைவு. வீட்டிலேயே பார்க்கலாம். உயரமான கட்டிலின் ஓரத்தில் கால்கள் தொங்க உட்காருங்கள். இரண்டு முழங்காலையும் ஒட்டி வைத்துக்கொண்டு பாதங்களை மட்டும் வெளிப்பக்கமாக விரியுங்கள். இரண்டும் ஒரே அளவு விரிய வேண்டும். ஒரு பாதம் பாதியில் நின்று, அந்தப் பக்கத் தொடையிடுக்கில் சுரீரென்றால் மூட்டைச் சந்தேகிக்கலாம். கீழே விழுந்து அடிபட்ட பிறகு மட்டும் இந்தச் சோதனை வேண்டாம்.

அன்றாட வாழ்க்கையில் இது வேறு வடிவத்தில் வரும். சம்மணம் போட முடியாது. கால் நகம் வெட்டப் பாதம் கைக்கு எட்டாது. பேன்ட் போட அந்தக் காலைத் தூக்க முடியாமல் சுவரைப் பிடிப்பார்கள். பைக்கில் காலை வீசி ஏற முடியாது. இந்தியன் டாய்லெட் போய் வெஸ்டர்ன் வந்திருக்கும், கேட்டால் "வயசாச்சு" என்பார்கள். நடக்கும்போது உடம்பு வலிக்கும் பக்கமாகவே சாயும். வீட்டிலிருப்பவர்கள்தான் இதை முதலில் கவனிக்கிறார்கள்.

இளம் வயதில் வந்தால்

முப்பது, நாற்பது வயதில் தொடையிடுக்கு வலியோடு வருகிறவருக்கு நம்மூரில் முதலில் நினைக்க வேண்டியது ஏ.வி.என். (அவாஸ்குலர் நெக்ரோசிஸ்). உருண்டைத் தலைக்குப் போகும் ரத்த ஓட்டம் நின்று, எலும்பு உள்ளுக்குள்ளே செத்துப்போவது. பெரிய காரணங்கள் இரண்டு: ஸ்டீராய்டும் மதுவும். தொடை எலும்பின் கழுத்து முறிந்தவர்களுக்கும், மூட்டு பிசகியவர்களுக்கும், அரிவாள் செல் ரத்தசோகை உள்ளவர்களுக்கும் வரலாம். கோவிட் காலத்தில் அதிக அளவு ஸ்டீராய்டு போன பலர் பின்னாளில் இந்த வலியோடு வந்தார்கள். மருந்து நிறுத்திப் பல மாதம் கழித்து வலி தொடங்குவதால் இரண்டையும் யாரும் முடிச்சுப் போடுவதில்லை. தோலுக்கோ மூச்சிரைப்புக்கோ பெயர் தெரியாத பொடியும் மாத்திரையும் சாப்பிட்டிருந்தால் அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள், உள்ளே ஸ்டீராய்டு இருந்திருக்கலாம். இதைப் படித்துவிட்டு, மருத்துவர் எழுதிக் கொடுத்த ஸ்டீராய்டைத் திடீரென்று நிறுத்திவிடாதீர்கள். அது உயிருக்கே ஆபத்தாக முடியலாம்.

ஏ.வி.என்.னில் நேரம்தான் எல்லாம். முதல் கட்டத்தில் எக்ஸ்ரே சுத்தமாக இருக்கும், எம்.ஆர்.ஐ.யில் மட்டும் தெரியும். "எக்ஸ்ரே நார்மல்" என்ற வார்த்தையோடு வீட்டுக்குப் போகிறவர்கள் இழப்பது அந்த மாதங்களைத்தான். உருண்டை இன்னும் உருண்டையாக இருக்கும்வரை, துளையிட்டு உள் அழுத்தத்தைக் குறைத்து, சொந்த மூட்டைக் காப்பாற்ற முயலலாம். மேற்பரப்பு அமுங்கித் தட்டையாகிவிட்டால் அந்தக் கதவு மூடிக்கொள்ளும். இது பாதிப் பேருக்கு மேல் இரண்டு பக்கமும் வரும், ஆகவே ஒரு பக்கம் மட்டும் வலித்தாலும் இரண்டு பக்கத்தையும் ஸ்கேன் எடுக்கச் சொல்லுங்கள்.

இளைஞர்களில் இன்னொரு கூட்டம் உண்டு. காலையில் எழுந்தால் முதுகும் இடுப்பும் அரை மணி நேரத்துக்கு மேல் இறுகிக் கிடக்கும், நடமாடினால் இளகும். அது தேய்மானமல்ல, அழற்சி வாதம். முதலில் பார்க்க வேண்டியவர் வாத நோய் மருத்துவர்.

எப்போது மாற்றுவது

எக்ஸ்ரேயில் மூட்டு இடைவெளி குறுகியிருக்கும், ஓரங்களில் எலும்பு முளைத்திருக்கும். அதை மட்டும் பார்த்து யாரும் கத்தியை எடுக்கக்கூடாது. படம் மோசமாக இருந்தும் நன்றாக நடமாடுகிறவர்கள் இருக்கிறார்கள். மருந்து, உடற்பயிற்சி, எடைக் குறைப்பு, கைத்தடி எல்லாவற்றையும் சில மாதம் ஒழுங்காகச் செய்த பிறகும் என்ன மிச்சம் இருக்கிறது என்பதே கேள்வி. இரவில் புரண்டு படுத்தால் வலி எழுப்புகிறதா? தெருமுனைக் கடைக்குப் போய் வரவே நடுவில் நிற்க வேண்டியிருக்கிறதா? வலி மாத்திரை இல்லாத நாள் இல்லை என்றாகிவிட்டதா? அந்தக் கால் குட்டையாகி வருகிறதா? படத்தோடு இவையும் பொருந்தினால் அறுவை சிகிச்சையைப் பற்றிப் பேசும் நேரம் வந்துவிட்டது. தினமும் வலி மாத்திரை விழுங்கி வருடங்களை ஓட்டுவது பாதுகாப்பான வழி அல்ல. வயிறும் சிறுநீரகமும் அதற்கு விலை கொடுக்கும், சர்க்கரையும் ரத்த அழுத்தமும் உள்ளவர்களுக்கு இன்னும் சீக்கிரமாக.

கைத்தடியைப் பெரும்பாலோர் தப்பான கையில்தான் பிடிக்கிறார்கள். வலது மூட்டு வலித்தால் தடி இடது கையில். நடையில் ஒற்றைக் காலில் நிற்கும் அந்த ஒரு நொடியில், உடல் சாயாமல் இழுத்துப் பிடிக்கத் தசைகள் கொடுக்கும் இழுப்பும் சேர்ந்து, மூட்டின் மேல் உடல் எடையைப் போல இரண்டரை மடங்குச் சுமை ஏறுகிறது. 60 கிலோ ஆளுக்கு 150 கிலோ. எதிர்க்கையில் ஊன்றும் தடி அந்த இழுப்பைக் குறைக்கிறது. ஐந்து கிலோ எடை குறைந்தால் மூட்டுக்குப் பன்னிரண்டரை கிலோ குறைவதும் இதே கணக்கில்தான். படியில் ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது வலிக்கிற கால் முதலில்.

அவசரப்பட்டால் என்ன, தள்ளிப்போட்டால் என்ன? செயற்கை மூட்டுக்கும் ஆயுள் உண்டு. 2019-இல் லான்செட் மருத்துவ இதழில் வந்த ஆய்வின்படி, சுமார் 58 சதவீத இடுப்பு மூட்டுகள் 25 ஆண்டுகள் தாங்குகின்றன. எழுபது வயதுக்காரருக்கு அது ஆயுசுக்கும் போதும். முப்பத்தைந்து வயதுக்காரர் இன்னொரு அறுவையை எதிர்பார்த்தே தொடங்க வேண்டும், அந்த இரண்டாவது அறுவை முதலாவதைவிடக் கடினமானது. மறுபக்கம், தாங்க முடியாத மூட்டோடு ஐந்து வருடம் ஓட்டினால் தொடைத் தசை வற்றும், மூட்டு மடங்கியபடியே இறுகும், கிண்ணத்து எலும்பும் அரிக்கும். அப்புறம் மாற்றினாலும் நடை பழையபடி வர நாளாகும்.

காத்திருக்கக் கூடாத ஒன்று எலும்பு முறிவு. குளியலறையில் வழுக்கி விழுந்த பாட்டியால் எழுந்திருக்க முடியவில்லை, கால் குட்டையாகிப் பாதம் வெளிப்பக்கம் திரும்பிக் கிடக்கிறது என்றால் தொடை எலும்பின் கழுத்தோ அதன் அடிப்பகுதியோ முறிந்திருக்கிறது என்றே வைத்துக்கொள்ளுங்கள். எண்ணெய் தேய்க்காதீர்கள், காலை இழுத்து நேராக்காதீர்கள், நாட்டு வைத்தியரிடம் கட்டுப் போட அழைத்துப் போகாதீர்கள். பலகையிலோ கெட்டியான போர்வையிலோ கிடத்தி அன்றைக்கே மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். அந்தக் கழுத்தின் வழியாகத்தான் தலைக்கு ரத்தம் ஏறுகிறது. முறிந்து விலகினால் ரத்தக் குழாய்களும் அறுந்துபோவதால், வயதானவர்களுக்கு எலும்பைச் சேர்த்துவைப்பதைவிடத் தலையை மாற்றுவதே பெரும்பாலும் சரி. ஓரிரு நாளுக்குள் அறுவை முடிந்து எழுந்து உட்கார்ந்தால்தான் நெஞ்சுச் சளியும் படுக்கைப் புண்ணும் நெருங்காது. சில முறிவுகள் ஒன்றுக்குள் ஒன்று செருகிக்கொள்ளும், ஆள் வலியோடு நடக்கவும் செய்வார். "நடக்கிறாரே" என்று விட்டுவிட முடியாது.

காய்ச்சலோடு மூட்டைத் துளியும் அசைக்க முடியவில்லை என்றாலும் அதே அவசரம்தான், உள்ளே சீழ் இருக்கலாம்.

தேதி குறித்த பிறகு

மாற்றும் மூட்டில் நான்கு துண்டுகள்: தொடை எலும்புக்குள் இறங்கும் தண்டு, அதன் மேல் உருண்டை, இடுப்பெலும்பில் பதியும் கிண்ணம், கிண்ணத்துக்குள் ஒரு வழவழப்பான உறை. உருண்டை பீங்கானா உலோகமா, உறை உயர்தர பாலிஎத்திலீன் பிளாஸ்டிக்கா, எலும்போடு ஒட்டச் சிமென்ட் வைப்பார்களா என்று கேளுங்கள். ஏன் அதைத் தேர்ந்தெடுக்கிறார் என்று மருத்துவர் உங்கள் வயதையும் எலும்பின் தரத்தையும் வைத்து விளக்க முடியும்.

சொத்தைப் பல், சிறுநீர்த் தொற்று, காலில் ஆறாத புண் இவற்றை முதலில் சரிசெய்ய வேண்டும். உடம்பில் எங்கிருந்தோ வரும் கிருமி புது மூட்டில் குடியேறினால் மூட்டையே கழற்ற நேரலாம். மூன்று மாதச் சர்க்கரை அளவு (HbA1c) 8 சதவீதத்துக்கு மேல் இருந்தால் பெரும்பாலும் தேதியைத் தள்ளிவைப்பார்கள். சிகரெட்டைச் சில வாரங்களுக்கு முன்பே விட்டுவிட வேண்டும்.

அறுவை நடந்த அன்றோ மறுநாளோ வாக்கரோடு நடக்கவிடுவார்கள். அதற்குள் வீடு தயாராக இருக்கட்டும். முழங்காலைவிட இடுப்பு தாழாத உயரத்தில் நாற்காலி, கமோடு மேல் வைக்கும் உயர்த்தி, தரைவிரிப்பு சுருட்டி ஓரத்தில். முதல் ஆறு முதல் பன்னிரண்டு வாரம் தாழ்ந்த ஸ்டூலும் தரையும் கூடாது, கால் மேல் கால் கூடாது, குனிந்து செருப்பு மாட்டக் கூடாது. பின்பக்கமாகத் திறந்து செய்த அறுவையில் உருண்டை நழுவுவது இந்த அசைவுகளில்தான். அதன் பிறகு சம்மணம் போடலாமா என்பதற்கு எல்லோருக்கும் ஒரே பதில் இல்லை. உங்கள் மூட்டைப் பொருத்தியவரிடமே கேளுங்கள்.

பொருத்திய துண்டு ஒவ்வொன்றோடும் அளவும் தயாரிப்பு எண்ணும் அச்சிட்ட ஸ்டிக்கர் வரும். அதன் ஒரு பிரதியை டிஸ்சார்ஜ் தாளில் ஒட்டித் தரச் சொல்லுங்கள். இருபது வருடம் கழித்து உறையை மட்டும் மாற்ற வேண்டி வந்தால், புது மருத்துவர் முதலில் கேட்கப்போவது அந்த எண்களைத்தான்.