ஹேட்ச் கவர் ஒழுகக் கூடாது: லோடு லைன் விதி என்ன சொல்கிறது?

சரக்குக் கப்பலின் பக்கவாட்டில் ஒரு வட்டமும் அதன் குறுக்கே ஒரு கோடும் வரைந்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். கப்பல் எவ்வளவு ஆழம் அமிழும் வரை சரக்கு ஏற்றலாம் என்பதற்கான அடையாளம் அது. பெயர் லோடு லைன். 1966-ம் ஆண்டு சர்வதேச லோடு லைன் உடன்படிக்கைதான் அதற்கு அடிப்படை. அந்த அனுமதி சும்மா கிடைப்பதில்லை. மேல்தளத்தில் உள்ள திறப்புகள் எல்லாம் ஒழுங்காக மூட வேண்டும் என்ற நிபந்தனையோடுதான் கிடைக்கிறது. சரக்கு வைக்கும் அறையான ஹோல்டின் வாயை மூடும் ஹேட்ச் கவர், காற்றுக் குழாய், வென்டிலேட்டர் எல்லாமே இதில் அடக்கம். கடல் எந்த நிலையில் இருந்தாலும் அவற்றின் வழியே தண்ணீர் உள்ளே வரக் கூடாது.

1980 செப்டம்பரில் ஜப்பானுக்குத் தெற்கே ஒரு சூறாவளியில் 'டெர்பிஷயர்' என்ற பிரிட்டிஷ் கப்பல் மூழ்கி 44 பேர் இறந்தார்கள். முன்பகுதியில் சேதமடைந்த வென்டிலேட்டர், காற்றுக் குழாய் வழியாகத் தண்ணீர் ஏறி மூக்கு தாழ்ந்தது, அப்புறம் அலை முதல் ஹேட்ச் கவரை நொறுக்கியது என்று மறுவிசாரணை 2000-ல் சொன்னது. ஹேட்ச் கவரின் வலிமை பற்றிய விதிகள் இறுகியதில் இந்தக் கப்பலுக்குப் பெரிய பங்கு உண்டு.

லோடு லைன் சான்றிதழ் அதிகபட்சம் 5 ஆண்டுக்குச் செல்லும். நடுவே ஆண்டுதோறும் சர்வே உண்டு. குறிப்பிட்ட தேதிக்கு 3 மாதம் முன்போ பின்போ முடிக்க வேண்டும். துறைமுக நாட்டு அதிகாரிகளும் ஏறிப் பார்ப்பார்கள். கவர் மோசமாக இருந்தால் கப்பலை நிறுத்தி வைக்க அவர்களுக்கு அதிகாரம் இருக்கிறது.

சோதனை இரண்டு விதம். பழைய முறையில் ஹோஸால் இணைப்புகளில் தண்ணீர் பீய்ச்சுவார்கள்: முனை குறைந்தது 12 மில்லிமீட்டர், அழுத்தம் குறைந்தது 2 பார், தூரம் 1.5 மீட்டருக்கு மேல் போகக் கூடாது. உள்ளே ஒருவர் டார்ச்சோடு நின்று ஒழுக்கைத் தேட வேண்டும். சரக்கு இருக்கும்போது இதைச் செய்ய முடியாது. அல்ட்ராசோனிக் முறையில் ஹோல்டுக்குள் ஒலிக் கருவியை வைத்து, கவரைத் திறந்து ஓர் அளவு எடுப்பார்கள். மூடியபின் வெளியே இணைப்பு நெடுகக் கேட்டுக்கொண்டே போவார்கள். திறந்தபோது இருந்த அளவில் 10 சதவீதத்தைத் தாண்டினால் அந்த இடம் சரியில்லை. என்னைக் கேட்டால் இதுதான் நல்லது. எந்த மூலையில் கோளாறு என்று துல்லியமாகத் தெரிந்துவிடும். தண்ணீரைத் தடுக்கக் கவரின் ஓரத்தில் ரப்பர் பட்டை இருக்கும், மூடும்போது அது ஒரு கம்பிமேல் அழுந்தும். அந்தக் கம்பியில் சாக்பீஸ் தடவி மூடித் திறந்து ரப்பரில் கோடு விழுகிறதா என்று பார்ப்பதும் உண்டு. ரப்பர் தொடுகிறது என்பதை அது காட்டும். எவ்வளவு அழுந்துகிறது என்பதைக் காட்டாது.

ஆனால் சர்வே முடிந்த மறுவாரமே கவர் ஒழுகலாம். ரப்பர் நாளடைவில் அழுந்திய வடிவிலேயே நின்றுவிடும். அப்போது பலர் செய்கிற வேலை, அடியில் ஒரு பட்டையைச் சொருகி ரப்பரைத் தூக்கிவிடுவது. அல்லது பள்ளமான இடத்தில் மட்டும் சின்னத் துண்டை வெட்டி ஒட்டுவது. இரண்டுமே பக்கத்து ரப்பரைச் சரியாக அழுந்தவிடாமல் புது ஒழுக்கை உண்டாக்கும். ரப்பர் மேல் பெயின்ட் அடிப்பதும் தவறு, அது இறுகிப்போகும். கவரின் எடை ரப்பர் மேல் அல்ல, இரும்புத் தாங்கிகள் மேல்தான் உட்கார வேண்டும். தாங்கி தேய்ந்திருந்தால் ரப்பர் அளவுக்கு மேல் நசுங்கும். எத்தனை முறை புது ரப்பர் போட்டாலும் சீக்கிரமே பாழாகும்.

இதைவிட அலட்சியமாக விடப்படுவது வடிகால். ரப்பரைத் தாண்டி வரும் கொஞ்சம் தண்ணீரை ஒரு கால்வாய் பிடித்து, மூலையில் உள்ள வால்வு வழியாக வெளியே தள்ளும். நிலக்கரித் தூளோ தானியமோ அதை அடைத்துக்கொண்டால் தண்ணீர் நேரே சரக்கின் மேல் விழும். ஒவ்வொரு முறை சரக்கு இறக்கியதும் அந்தக் கால்வாயைக் கூட்டி, வால்வுக்குள் இருக்கும் பந்து அசைகிறதா என்று பார்த்தால் போதும். பெரிய செலவும் இல்லை.

சரி, சரக்குக்காரருக்கு இதில் என்ன உரிமை? பயணம் தொடங்கும் முன் கப்பலையும் ஹோல்டையும் தகுதியாக வைக்க உரிய கவனம் எடுப்பது கப்பல்காரரின் கடமை என்கின்றன கடல்வழிச் சரக்குக்கான சர்வதேச விதிகளான ஹேக்-விஸ்பி விதிகள். இந்தியாவில் 1925-ம் ஆண்டுச் சட்டத்துக்குப் பதிலாக 2025-ல் வந்த கடல்வழிச் சரக்குப் போக்குவரத்துச் சட்டமும் இதே வழியில்தான் போகிறது. ஏற்றும் முன் அல்ட்ராசோனிக் சோதனை வேண்டும் என்று ஒப்பந்தத்திலேயே எழுதிக்கொள்ளலாம்.

சரக்கு நனைந்து வந்தால் முதல் கேள்வி, அது கடல்நீரா, ஹோல்டுக்குள் வியர்த்த நீரா என்பதுதான். சில்வர் நைட்ரேட் சொட்டு விட்டால் உப்பு இருக்கும் இடம் பால்போல் வெளுக்கும். வெளுத்தால் கவர்மேல் சந்தேகம் விழும். வெளியே தெரியாத சேதம் என்றால் சரக்கைப் பெற்ற 3 நாளுக்குள் எழுத்தில் தெரிவித்துவிடுங்கள். வழக்குப் போட ஓராண்டுதான் கெடு.